கனவுல வந்துச்சா?

அந்த நோட்டுப் புத்தகப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் அதை எழுதி ஒட்டவில்லை. முதலாளிக்கே பாதிதான் தெரியும். கட்டிங் மெஷினில் நிற்க வேண்டுமென்றால் முதலில் அந்த மெஷின் கனவில் வர வேண்டும். அனுபவம், சிபாரிசு, கைராசி எதுவும் செல்லாது. காலையில் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே கேள்வி வந்துவிடும்.

"கனவுல வந்துச்சா?"

கேட்பவர் அரைமில்லி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். ஒரு நோட்டு அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மொத்தக் கட்டையும் பிரிக்கச் சொல்கிற ஆள். டீக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியை விரலால் வழித்துச் சமன் செய்துதான் போடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மெஷினில் நிற்கிறார். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

மெஷின் பழசு. கதவு அகலத்துக்கு ஒரு கத்தி, அதன் கீழே வழுவழுவென்று ஒரு இரும்பு மேசை. தாள் கட்டைத் தட்டி நேராக்கி உள்ளே தள்ள வேண்டும். மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு இரும்புச் சட்டம் இறங்கித் தாளை அமுக்கிப் பிடிக்கும். அப்புறம் வலது பக்கத்து லீவரை இழுத்தால் கத்தி வரும். புது மெஷின்களில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி அசையுமாம். இதற்கு ஒரு கை போதும். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று இது கேட்காது.

அரைமில்லிக்கு முந்தி அந்த மெஷினில் நின்றவர் நாலாவது நாளே இரண்டு விரலைக் கொடுத்தவர். அரைமில்லி ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சொன்னாராம்: "இப்ப தினமும் கனவுல வருது தம்பி. இது முன்னாடியே ஒரு தரம் வந்திருந்தா கையை எடுத்திருப்பேன்." அன்றைக்குப் பிறந்தது இந்தக் கனவுச் சட்டம். அதன்படி, வேலை பழக வந்த ஒருத்தன் மூன்றாம் நாளே கனவு கண்டு, வெளுத்த முகத்தோடு வந்து, வேலையே வேண்டாமென்று போய்விட்டான். நல்லதாப் போச்சு என்றார் அரைமில்லி.

இப்போது முறை மடிப்பக்காவுடையது. பதினெட்டு வருஷமாகத் தாள் மடிக்கிறவள். இடது கைக்காரி. வலது கையால் தாளைப் பிடித்து இடது கட்டைவிரலால் ஒரே இழுப்பில் மடிப்பை வழித்துவிடுவாள். மற்றவர்கள் மரச்சீப்பு வைத்துத் தேய்ப்பதை அவள் விரலே செய்துவிடும். ஆரம்பத்தில் அது பெருமையாக இருந்தது. இப்போது அந்த விரலின் அடி மூட்டு புடைத்து, காலையில் பல் விளக்கக் கூட மடங்க மறுக்கிறது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

பட்டறையில் இதை ஒருவருக்கும் அவள் காட்டவில்லை. கை போனவர்களை முதலாளி திட்டமாட்டார், மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படிப் போன இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். ஒருத்தி இப்போதும் மத்தியானம் மூன்று மணிக்கு, டீ நேரத்தில், வாசலில் வந்து சும்மா நின்றுவிட்டுப் போகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மடிப்பக்கா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். மடிக்காமல் பட்டறையில் இருக்க ஒரே வழி அந்த மெஷின்தான். கட்டிங்கில் விரலுக்கு வேலையில்லை, கண்ணுக்கும் தோளுக்கும்தான் வேலை. வேலையும் அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அரைமில்லிக்குக் கண்ணில் புரை. மாசக் கடைசியில் ஆபரேஷன். அதற்குள் மெஷினுக்கு ஆள் அமையாவிட்டால் முதலாளி வெளியிலிருந்து ஒருவனைக் கொண்டுவருவார். அவன் வந்தால் போகமாட்டான்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். மடிப்பக்காவுக்குக் கனவே வராது.

"கனவுல வந்துச்சா?"

"இல்லண்ணே."

"வேற ஏதாச்சும்?"

"எதுவுமே வராதுண்ணே. தலையைச் சாச்சா கட்டை. காலையில அலாரம் அடிச்சாத்தான் நான் இருக்கேன்னே தெரியும்."

"அப்படி ஒரு மனுஷப் பிறவி கிடையாதும்மா," என்றார் அரைமில்லி. "நாயே கனவு காணுது. எங்க வீட்டு நாய் தூக்கத்துல ஓடுது."

பக்கத்தில் பசைச் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தவள், பட்டறையின் பசைக்காரி, சும்மா இருப்பாளா? "கனவுன்னா என்னங்கறீங்க? நோட்டை வெட்டுனா ஓரத்துல கீத்துக் கீத்தா விழுதுல்ல, அதான். பகல்ல நடந்ததை மனசு சதுரமா வெட்டி எடுத்துக்குது. மிச்சம் கீழ விழுது. அதைப் போயி யாராச்சும் பொறுக்கிப் படிப்பாங்களா?"

"பொறுக்கிப் படிச்சாத்தான் அளவு சரியா வெட்டியிருக்கான்னு தெரியும்," என்றார் அரைமில்லி. அவர் விடுகிற ஜாதியில்லை.

அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. ஈரக்காற்றில் தாள் ஊறிப் பொதபொதவென்று ஓரம் அலையாகத் தூக்கிக்கொண்டது. மடிப்பு நிற்கவில்லை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வழிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ் கம்பியைப் பிடிக்க அவளால் வலது கையைத்தான் நீட்ட முடிந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சோற்றுத் தட்டைச் சுற்றி ஒரு மாநாடே கூடிவிட்டது. அவள் புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேள்வி வைத்திருப்பவர். அவருடைய அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள்; கனவுக்குப் பலன் சொல்வதில் அந்தத் தெருவுக்கே அவள்தான் கோர்ட்டு. மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

"செத்தவங்க பேச வர்றதுதான் கனவு," என்றாள் நாத்தனார். "உனக்கு ஏன் வரலைன்னா, உன் பக்கத்துல செத்தவங்க யாரும் உன்கிட்ட பாக்கி வைக்கல. நல்ல விஷயந்தானே?"

"அண்ணி, நான் கேக்கறது மெஷின். மெஷின் எப்படிச் சாகும்?"

"வயித்துக் கோளாறுதான் கனவு," என்றார் கண்டக்டர், முட்டையைப் பிட்டபடி. "நான் என்னிக்கு உருளைக்கிழங்கு ஜாஸ்தி தின்னேனோ அன்னிக்கு செக்கிங் இன்ஸ்பெக்டர் வர்றாரு."

"அப்பா, சும்மா இருங்க. டீச்சர் சொன்னாங்க, எல்லாருக்கும் கனவு வருமாம். ஞாபகம்தான் இருக்காதாம். தூங்கறவங்க கண்ணு இமைக்குள்ள உருளும்ல? அப்ப எழுப்பினா சொல்லிடுவாங்களாம்."

"ஏன் வருதுன்னு சொன்னாங்களா?"

"அது அவங்களுக்கும் தெரியாதாம்."

"டீச்சருக்கே தெரியாதா?" நாத்தனாருக்கு ரொம்பத் திருப்தி. "அதான் நான் சொல்றேன்ல."

மடிப்பக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உலகத்தில் எல்லோருக்கும் ஓசியில் கிடைப்பது தனக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. பாத்திரம் கழுவும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். கனவு வராவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே.

மறுநாள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "வந்துச்சுண்ணே!"

அரைமில்லி டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு."

"நான் மெஷின்கிட்ட நிக்கறேன். அறுநூறு தாளு. தட்டி நேராக்கி உள்ள தள்ளறேன். சக்கரத்தைச் சுத்தறேன். சட்டம் இறங்குது. லீவரை இழுக்கறேன். கத்தி வந்து வெட்டுச்சு பாருங்க, ஓரம் கண்ணாடி மாதிரி."

"எத்தனை தாளு?"

"அறுநூறு."

"எண்ணுனியா?"

"எண்ணினேண்ணே."

அரைமில்லி டீயை எடுத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் சிரித்தார். "ஏம்மா, இது கனவா? இது வேலை. கனவுல யாரு சரியா வேலை பார்த்திருக்கா? எனக்கு வந்தப்ப மேசை மேல தாளே இல்ல, எங்க அம்மாவோட சேலை. வெட்ட வெட்ட நீளுது. சக்கரத்தைச் சுத்தினா எங்கியோ மணி அடிக்குது. கையை வெளிய எடுக்கணும், கை எதுன்னு தெரியல. கத்திக்கிட்டே எந்திரிச்சேன். பொழுது விடியற வரைக்கும் விரலை எண்ணிக்கிட்டு இருந்தேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உன்னைத் தோக்கடிக்கவா கேக்கறேன்? ஒரு தரம் விரல் போயிட்டதா நம்பி, எந்திரிச்சு எண்ணிப் பார்த்தவ அப்புறம் மறந்தும் கையை உள்ள வைக்க மாட்டா. கனவுல போற விரலுக்குத் தையல் வேண்டாம் பாரு."

பசைக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மடிப்பக்காவுக்கு மானம் போனது. அன்று முழுக்கத் தலையை நிமிர்த்தாமல் மடித்தாள்.

கண்டக்டர், மனைவி பட்ட அவமானத்தைத் தன் அவமானமாக எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் டிக்கெட்டோடு ஒரு கேள்வியும் கொடுத்தார். உங்களுக்குக் கனவு வருமா? சாயங்காலம் வந்து மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

"முன்னாடி கோட்டுப் போட்ட ஒருத்தர் வருவாரே, பெரிய ஆபீசரு. இன்னும் கனவுல பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சை எழுதறாராம். பேனா எடுத்துட்டுப் போகலியாம். பூக்காரம்மாவுக்குப் பல்லு விழுதாம். ஒரு காலேஜ் பொண்ணு மாடிப்படியில இறங்குதாம், இறங்குதாம், தரையே வரலியாம். பஸ்ஸே பேசுது! இத்தனை வருஷமா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்காத பஸ்ஸு. ஒருத்தர் ஸ்டாப்பை விட்டுட்டு அடுத்த ஸ்டாப்புல இறங்கினாரு."

"உங்க டிரைவருக்கு?"

"அதை ஏன் கேக்கறே. வண்டி ஓடுது, ஸ்டியரிங் இல்லியாம். அதைக் கேட்டதுலருந்து நான் முன் சீட்டுப் பக்கமே போறதில்ல."

மடிப்பக்கா சிரித்துவிட்டாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். எல்லோருக்கும் பயமுறுத்துகிற கனவாகவே இருக்கிறதே, ஒருத்தருக்காவது நல்ல கனவு வரக்கூடாதா என்று கேட்டாள். நல்ல கனவு வந்தவர்கள் சொல்லவில்லை, சும்மா சிரித்துக்கொண்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்கள் என்றார் கண்டக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஏற்பாடு தொடங்கியது. கூடத்தில் பாய் விரித்து அவள் படுத்தாள். தலைமாட்டில் முக்காலி போட்டுக் கண்டக்டர். மடியில், கோடு கோணலாக விழுந்ததால் பட்டறை கழித்துப் போட்ட நோட்டு ஒன்று, காதில் பேனா. கால்மாட்டில் மகள். வாசற்படியில் நாத்தனார், தெருவில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள. அவள் போட்ட "உஷ்" சத்தம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது.

முதல் தடவை அவசரப்பட்டு எழுப்பினார்கள். "கொசு கடிச்சுது" என்றாள். இரண்டாவது தடவை இமை அசைந்தது, எழுப்புவதற்குள் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை இமைக்குள் கண் இங்கும் அங்கும் ஓடியது. அவளுடைய வலது கை பாயில் எதையோ தேடிப் பிடித்து இழுத்தது. மகள் அப்பாவின் தோளைக் கிள்ளினாள்.

"ஏம்மா... எங்க இருக்கே?" கண்டக்டர் அவள் காதருகில் மெதுவாகக் கேட்டார்.

கண் திறக்காமலே சொன்னாள். "மெஷின்ல."

கண்டக்டர் பேனா மூடியைக் கழற்றாமலே எழுதப் பார்த்தார்.

"தாளு இல்ல... எல்லாம் பஸ் டிக்கெட்டு. மூட்டை மூட்டையா. நனைஞ்சிருக்கு. என் கட்டைவிரலும் அதுல ஒண்ணா அடுக்கியிருக்கு. நான்தான் அடுக்கினேன். சட்டத்தை இறக்கினேன்..."

"அப்புறம்?"

"லீவரை இழுத்தேன்." அவள் முகத்தில் ஒரு அமைதி வந்தது. "போயிடுச்சு. வலியே இல்லீங்க. அப்பாடான்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பலன் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், உள்ளே போய் டீ போட்டாள். கண்டக்டர் நோட்டை மூடிவிட்டு மனைவியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மூட்டில் விரலை வைத்ததும் அவள் துடித்தாள்.

"இவ்வளவு வலியா? ஏன் சொல்லல?"

"சொன்னா போக வேணாம்பீங்க."

"அதான் வந்துடுச்சே அம்மா," என்றாள் மகள். "நாளைக்குப் போய்ச் சொல்லுங்க, மெஷின் உங்களுக்குத்தான்."

வந்துவிட்டதுதான். மெஷின், கத்தி, விரல், எல்லாம் இருந்தது. கடைசி வரியை மட்டும் மாற்றி, 'அலறிக்கொண்டு எழுந்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும். மறுநாள் காலையில் பஸ்ஸில் போகும்போது அதையேதான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். ஆனால் அந்த 'அப்பாடா' நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. தனக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதா என்று அவளுக்கே வியப்பு. பயமும் இருந்தது, கத்தியைப் பார்த்து அல்ல.

"கனவுல வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

எல்லாவற்றையும் சொன்னாள். டிக்கெட்டைச் சொன்னபோது அரைமில்லி தலையாட்டினார். இது நிஜக் கனவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "கத்திக்கிட்டு எந்திரிச்சியா?" என்றார்.

"இல்லண்ணே. நிம்மதியா இருந்துச்சு."

அரைமில்லி எழுந்து வந்தார். "கையைக் காட்டு."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தக் கையைப் பட்டறையில் இன்னொருவருக்கு நீட்டினாள். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்; புரை விழுந்த கண்ணுக்கே அந்தப் புடைப்பு தெரிந்தது.

"வேணாம்னு நினைக்கிற விரலோட அந்த மெஷின்கிட்ட போகக்கூடாதும்மா," என்றார். "அது கேக்காமலே வாங்கிக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது. "அப்ப நான் வீட்டுக்குப் போகணுமாண்ணே?"

"யாரு சொன்னா?" அவர் மெஷின் பக்கம் கையைக் காட்டினார். "ஸ்கேல்ல கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுது எனக்கு. ஒரு வாரமா உத்தேசமா வெட்டறேன், யாருக்கும் தெரியாது. நீ அளவைப் பார்த்துச் சொல்லு, நான் இழுக்கறேன். மடிக்காதே. கண் ஆபரேஷனை ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி நான் டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன். அதுக்குள்ள அந்த விரலைச் சரி பண்ணு."

உத்தேசமாக வெட்டுகிறேன் என்று அந்த மனுஷன் ஒப்புக்கொண்டதைக் கேட்டுப் பசைக்காரி கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். முதலாளியிடம், அளவு பார்க்க ஆள் இல்லாமல் கட்டிங் ஓடாது என்று அரைமில்லி ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி முனகினார். அவ்வளவுதான்.

டாக்டர் கட்டைவிரலுக்கு ஒரு பட்டை போட்டு அசைக்கக்கூடாது என்றார். மடிப்பக்கா மெஷின் பக்கத்தில் நின்று அளவு சொன்னாள். "இன்னும் ஒரு நூல் அளவு உள்ள... நிறுத்துங்க." கத்தி இறங்குவதை ஒரு கை தூரத்தில் நின்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை பார்த்தாள். வீட்டில் கண்டக்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மூன்றாவது வாரம் பட்டையைக் கழற்றிய அன்று மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். கட்டைவிரலால் நடு வகிட்டைத் தடவியபோது வலிக்கவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கெல்லாம் இந்த விரல் வேண்டியிருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள். சட்டை பொத்தான், சாவி, தீக்குச்சி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் முக்காலி போடவில்லை. கண்டக்டர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து வந்த அலறலில் தெருவே திரும்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால் மடிப்பக்கா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. இரண்டு கையையும் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு எண்ணினாள். முதலில் இடது கட்டைவிரல். அப்புறம் மற்றவை. பத்து வந்ததும் திரும்பவும் கட்டைவிரலுக்கே போனாள். அதைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

கண்டக்டர் அவசரமாக நோட்டைத் தேடினார். "என்னம்மா வந்துச்சு? எழுதட்டுமா?"

"எழுதாதீங்க," என்றாள்.

நாத்தனார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் செருப்பைக் கழற்றும் இடத்தில் அரைமில்லி நிமிர்ந்து பார்த்தார். கேள்வி வரும் முன்பே அவள் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். விரல்கள் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெஷின் துடைக்கிற துணியைத் தோளிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, டீ டம்ளரோடு போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மடிப்பக்கா தாளைத் தட்டி நேராக்கினாள். உள்ளே தள்ளினாள். சக்கரத்தைச் சுற்றினாள். சட்டம் இறங்கியது. லீவரைப் பிடித்தவுடன் இடது கை எங்கே என்று தேடினாள், மேசையில் காணோம்.

அது தானாகவே முதுகுக்குப் பின்னால் போய், கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடிக்கொண்டிருந்தது.